புதியது முதலில்

எனக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். எழுதினால் பிழை வரும். அதைச் சொன்னதும் போலீஸ்காரர் ஷீனா மேடம், "தமிழ்ல எழுதித் தந்தா போதும் சேச்சி, மொழி எந்த மொழில இருந்தா என்ன" என்று சிரித்துக்கொண்டே நான்கு தாள்களும் பேனாவும் கொடுத்தார். இங்கே போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலத்தை மொழி என்கிறார்கள். எங்கள் வீட்டில் மொழி என்றால் கை.

என் அம்மா சரஸ்வதியம்மாளுக்கு முப்பத்தெட்டாவது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. அவள் வாயால் பேசுவாள். நானும் தம்பி பிரதீப்பும் கையால் பதில் சொல்வோம். அந்தச் சைகைகளை யாரும் கற்றுத் தரவில்லை, நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். காது மடலை இழுத்தால் பிரதீப். கையை வீட்டின் உள்பக்கமாகக் காட்டினால் நான். சமையலறை அந்தப் பக்கம் இருந்தது.

பிரதீப் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன பிறகு, அம்மாவுக்குப் போன் செய்து பயனில்லை. துறைமுகம் வரும்போது வீடியோக்களாக எடுத்து, ஒரு வீடியோ தளத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவான கணக்கில் ஏற்றிவிடுவான். அம்மாவால் அதைத் திறக்க முடியவில்லை. விரல் எங்காவது பட்டு யாரோ மீன் வறுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மா தொட்டா என் மூஞ்சி வரணும்க்கா. வேற எதும் வரக்கூடாது" என்றான். நான் கோயமுத்தூர் நிறுவனம் ஒன்றுக்காக எங்கள் ஊர் பெருமாட்டியில் வீட்டிலிருந்தே வலைத்தளங்கள் செய்துகொடுப்பவள். எனக்கு அது அரை நாள் வேலை.

எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். அந்தத் தளத்தோடு பேசுவதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் ஒரு லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை, யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த வேலை. நம் சாவியை அதனிடம் கொடுத்தால் அது போய்த் தளத்தின் கதவைத் தட்டி, கேட்டதை வாங்கி வரும். சாவி வாங்கும்போது என்னென்ன உரிமை வேண்டும் என்று கேட்டார்கள்: பார்க்க, ஏற்ற, மாற்ற, அழிக்க. நான்கிலும் டிக் செய்தேன். பிறகு ஞாயிறுதோறும் ஒரு வீடியோ, புதியது முதலில், என்று பட்டியல் கேட்டேன். அம்மா டேப்லெட்டைத் தொட்டதும் அவன் முகம் வந்தது. அம்மா அதற்குப் பதில் பேசுவாள், நான் பிடித்து அவனுக்கு ஏற்றுவேன். பேச ஆரம்பித்தால் இருபது நிமிடம் ஆகும். நான்கு நிமிடம் வெட்டி அனுப்புவேன். மீதி என் கணினியில் கிடந்தது.

இரண்டு வருடம் இப்படியே ஒழுங்காக நடந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஒரு வீடியோ வந்தது. அம்மாவுக்குக் காட்டும் முன் நான் எப்போதும் ஒரு தடவை பார்த்துவிடுவேன். ஆவணியில் கப்பல் வேலையை விடுகிறேன், கொச்சியில் வீடு பார்த்திருக்கிறேன், அம்மா என்னோடு வந்துவிட வேண்டும் என்று கையால் சொன்னான். காது மடல், அம்மா, கூரை, இரண்டு கையும் நீட்டி வா. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். என்னைக் காட்ட அவன் கை உள்பக்கமாக ஒரு தடவையும் திரும்பவில்லை.

அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் மாற்றினேன். புதியது முதலில் என்று கேட்ட இடத்தில் பழையது முதலில் என்று கேட்டேன். மாற்றியது ஒரே ஒரு சொல். லைப்ரரி ஏன் என்று கேட்காது.

அம்மா கேட்டாள்.

"ஏம்புள்ள, இந்தச் சட்டையத்தான் முன்னயும் போட்டிருந்தான்?"

கப்பலில் துணிக்கடையா இருக்கிறது என்று கை காட்டினேன்.

"மீச கூட எளச்சுப்போச்சு. அங்க சோறு போடறாங்களா, கடல் தண்ணிய ஊத்தி அனுப்பறாங்களா?" என்று டேப்லெட்டைப் பார்த்துத் திட்டினாள். அவன் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: சாப்பிட்டேன், கடல் அமைதி, உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வருடத்துக்குப் போதுமான அளவு இருந்தது.

அவனுக்கு அம்மாவின் புதிய பதில்களுக்கு மாற்றாக, என்னிடம் கிடந்த மிச்சங்களை அனுப்பினேன். அவன் பார்க்காத துண்டுகள். ஒன்றில் அம்மா, "அவசரப்படாத சாமி, மெதுவா வா, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்" என்கிறாள். முந்திய வருட லீவைப் பற்றிச் சொன்னது. அதைப் பார்த்துவிட்டு அவன் ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டினான். நான் நீட்டச் சொல்லவில்லை.

ஆடியில் அம்மா படுத்தாள். இதயம் தளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மருந்தில் நான் குறை வைக்கவில்லை, அட்டைகளைப் பாருங்கள். ஆனால் அவள் சோற்றைத் தள்ள ஆரம்பித்தாள். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் காது மடலை இழுப்பாள். அவன் வந்தால் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். அந்த வாரங்களில் அவன் பதினொரு வீடியோ ஏற்றியிருந்தான். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அம்மாவின் பதில்களையும் வழக்கம்போல் பிடித்தேன், அனுப்பவில்லை. ஆவணியில் இறந்தாள். தம்பி நடுக்கடலில் இருக்கிறான், வர முடியாது, காரியத்தை முடிக்கச் சொன்னான் என்று ஊரில் சொன்னேன். பக்கத்துத் தோப்புக் குப்பண்ணன் கொள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகும் அவனுக்குத் துண்டுகள் அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் பயப்படுவான்.

புரட்டாசியில் அனுப்பிய துண்டில் பிழை செய்தேன். அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்து வெட்டினேன், கட்டிலுக்கு அடியைப் பார்க்கவில்லை. அங்கே வைக்கோலில் மாம்பழம் பரப்பியிருந்தது. முதலமடைத் தோட்டத்திலிருந்து குப்பண்ணன் சித்திரையில் கொண்டுவந்தவை. வெளியூர்க்காரர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பிரதீப் அவருக்கே போன் செய்து, "புரட்டாசில ஏதுங்கண்ணா மாம்பழம்?" என்று கேட்டிருக்கிறான். "மாம்பழமா? தம்பி, அம்மா போயி இன்னைக்கு முப்பத்தெட்டு நாளாச்சேப்பா" என்றிருக்கிறார் குப்பண்ணன்.

அவன் கொச்சியில் இறங்கிய காலையில் எல்லாவற்றையும் அழித்தேன். அவன் அனுப்பியவை, அம்மாவின் பதில்கள், என் கணினியில் கிடந்த மிச்சங்கள், எல்லாம். ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லி ஐந்து வரி எழுதினால் லைப்ரரி வரிசையாகச் செய்துவிடும். ஒவ்வொரு முறையும் இருநூற்று நான்கு என்ற எண் வரும். வேலை முடிந்தது, திருப்பித் தர ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். நேற்று இந்த அறையில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அம்மா கடைசியா பேசினது ஒண்ணாச்சும் இருக்குதாக்கா?" இல்லை என்றேன். அவன் சுவரோரமாக உட்கார்ந்து, அம்மாவிடம் பேசுவதுபோலக் கையை அசைத்துக்கொண்டிருந்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் அழிப்பதற்கு முன் பார்த்தேன். கடைசியாகப் பிடித்தது. அதில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த என்னைப் பார்க்கிறாள். குரல் தெளிவாக இருக்கிறது.

"நான் அவங்கூடப் போகலே புள்ள. உன்ன உட்டுட்டு எங்கயும் போகலே. அவன ஒருக்கா காட்டு."

நான் மறைப்பது எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேமராவை வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். மறுநாள் பழைய வீடியோ ஒன்றைப் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போகவில்லை என்று சொல்லிவிட்டாளே, இனி புதியதைக் காட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகச் சொன்னாளா என்று தெரிய இரண்டு நாள் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் போய்விட்டாள். வாக்கு மாறியது அவள்தான். இதை என் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.