மண்சோறு

மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடக் கீரனூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஓர் இளம்பெண். பக்கத்தில் அவள் புருஷனின் அக்காள், மடியில் சோற்றுத்தூக்கு. பிள்ளை வரம் கேட்டு அந்தப் பெண் வருஷா வருஷம் மண்சோறு தின்கிறாளாம். கோயில் தரையில் போட்ட சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்து உண்கிற வேண்டுதல்.

“இந்த வருசம் நான் திங்க மாட்டேன் மதினி.”

“ஏண்டி, ஆத்தாகிட்டயே வீம்பா?”

“யோகம் சொல்லிக்குடுக்க வந்த சாமி சொன்னாருல்ல, எந்த உசிரையும் இம்சை பண்ணாதே, ஒன் உசிரும் அதுல சேத்திதான்னு.”

“அவரு சன்னியாசி. அவருக்கு மாமியாளா, நாத்தனாளா?”

“தரையில மொகத்த வைக்கிறப்பல்லாம், நான் பண்ணுன பாவந்தான்னு என்னையவே வஞ்சுக்கிட்டேன். போதும். ஒங்க தம்பிய ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்புட்டேன், அடிக்க வந்தாரு.”

“ஆம்பளையக் கொறை சொல்லாதே. கோயில் ஸ்டாப்பு வந்துருச்சு, எந்திரி. எறங்கலேன்னா தை மாசம் அவனுக்கு வேற பொண்ணு பாத்துருவோம்.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“தாராளமாப் பாருங்க மதினி. வர்றவளுக்காச்சும் சோத்தை எலையில போடுங்க.”