திங்கட்கிழமை கிடைக்க வேண்டிய லைசென்ஸ்

டமார் என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டரில் அது சகஜம். இறங்கிப் பார்த்தேன். டயர்கள் நன்றாகவே இருந்தன. டிரெய்லருக்குப் பின்னால், சைக்கிளோடு சுப்புராயன் அண்ணன் விழுந்து கிடந்தார்.

நான் அன்றைக்கு வண்டி எடுத்திருக்கக் கூடாது. தெரியும் இன்ஸ்பெக்டர் மேடம். குடித்துவிட்டு ஓட்டிய கேஸில் என் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை வரை நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. டவுன் பஸ்ஸில் போய்க் கரும்பு வெட்டினேன். சுப்புராயன் அண்ணன்கூட பஸ்ஸில் பார்த்தால் விட மாட்டார்.

"இன்னா டிரைவரே, டிக்கெட் எடுத்துக்கினு போற? கண்டக்டரு உன்ன ஓட்டச் சொல்லலியா?"

நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இது நடந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. முதலாளி நாராயணசாமியின் டிரைவர் வரவில்லை. வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை குறையும். "மூங்கில்துறைப்பட்டு மில்லு வரைக்கும்தானடா ஆல்பினு" என்றார். மறுத்தால் திங்களுக்குப் பிறகு வண்டியை எனக்குத் தருவாரா? இன்னொரு கேஸ் வந்தால் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக என் மனைவி எஸ்தர் வேறு சொல்லியிருந்தாள்.

விழுந்து கிடந்த அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒண்ணும் ஆவல ஆல்பினு. என்ன வூட்டாண்ட வுட்டுடு."

வீட்டில் விட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரி என்றால் போலீஸ். என் லைசென்ஸ் அதோடு சரி. அவரிடம் இதைப் பொறுமையாக விளக்கினேன். புரிந்ததுபோலத்தான் பார்த்தார்.

சாலையில் யாரும் இல்லை. பக்கத்தில் பூமாலை அண்ணன் வயல். கரும்பு வெட்டி முடிந்து, காய்ந்த சோகை இலைகள் குவிந்து கிடந்தன. சுப்புராயன் அண்ணனைத் தூக்கிப்போய் நடுவில் படுக்கவைத்தேன். சோகை மெத்தைபோல இருக்கும். வெயில் படக் கூடாது என்று மேலேயும் போர்த்தினேன். கத்தினால் தொண்டை வறண்டுபோகும் என்று அவர் துண்டாலேயே வாயைக் கட்டினேன். சைக்கிளை வரப்போரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன்.

வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்க, வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்துவது வழக்கம். காற்று அடங்கியதும் கொளுத்தப்போவதாகப் பூமாலை அண்ணன் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். அதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மில்லில் வரிசையில் நின்றபோது அவருக்குப் போன் செய்தேன்.

"எப்பண்ணே கொளுத்தறீங்க?"

"இதோ, தீப்பெட்டி எடுத்துக்கினு வயலுக்குத்தான் போய்க்கினு இருக்கன். இன்னாடா?"

"சும்மாதாண்ணே. காத்து பாத்துக் கொளுத்துங்க."

சுப்புராயன் குடித்துவிட்டுச் சோகையில் படுத்திருப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கும் என்றேன். திங்கட்கிழமை லைசென்ஸ் கைக்கு வந்தது. சைக்கிள் மட்கார்டில் ஒட்டியிருந்த டிரெய்லர் பெயிண்ட்டை நீங்கள் ஒருவர்தான் கவனித்தீர்கள் மேடம்.

இப்போதும் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தேதான் போனை வைத்தாயா என்கிறீர்கள்.

"தெரிஞ்சுதாங்க மேடம். ஆனா அன்னிக்கு நான் ஒரு சொட்டு குடிக்கலைங்க, லைசென்ஸ மட்டும் புடுங்கிடாதீங்க."