வராத ஆளின் ரேகை

நேரம்... மதியம் பன்னிரண்டு. இருட்டினால்தான் பேய் வரும் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி உசிலம்பட்டிக்குப் போகும் வழியில் வலப்பக்கம் ஒரு தார் ரோடு பிரியும். ஞாயிற்றுக்கிழமை உச்சியில் அதில் காக்காய்கூட இருக்காது. அந்த ரோட்டின் கடைசியில்தான், வேலை தேடி வடக்கிலிருந்து வந்து இறங்குகிறவர்களைப் பதிவு செய்கிற அரசு மையம். நம்ம ஜெயபாண்டியின் கொழுந்தியாள் நாகஜோதிக்கு அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. ஒப்பந்த வேலைதான். ஆனால் புருஷன் கால் ஒடிந்து படுத்த பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது அதை நம்பித்தான்.

மையத்தைப் புதுப்பித்திருந்தார்கள். புது டைல்ஸ், ஏசி, ரேகை எடுக்கிற மிஷின். பழைய நோட்டில் பெயர் மட்டும் இருந்த ஆட்களை மறுபடி வரவழைத்து, பத்து விரல் ரேகையும் எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை திறப்பு விழா. எல்லாரும் வந்து ரேகை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், ஒருவனைத் தவிர. ஒடிசாக்காரன், பிரகலாத் நாயக். ஒரு வருடமாக ஆளையே காணோம். அவன் ரேகை இல்லாமல் மொத்தப் பட்டியலும் மேலே போக மறுத்தது.

அதிகாரி போனில் கத்தினார்.

"ஒத்த ஆளுக்காக அம்புட்டும் நிக்குது. எதையாச்சும் செஞ்சு முடிம்மா. இல்லேன்னா நாளைக்கு அந்தச் சீட்டுல வேற ஆளு உக்காரும்."

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் பேயாண்டி சாப்பிடக் கிளம்பினார். பெயர்தான் பேயாண்டி... நாய் குரைத்தாலே வேட்டியைப் பிடித்துக்கொள்கிற மனுஷர். வாசலில் நின்று சொன்னார்.

"உச்சி வேளையில தனியா இருக்காத தாயி. நீயும் வா."

"பத்து நிமிசம்ண்ணே. முடிச்சிட்டு வாரேன்."

சைக்கிள் சத்தம் தேய்ந்து அடங்கியது. பிறகு, ஆள் வராவிட்டால் சில ஆபரேட்டர்கள் கமுக்கமாகச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். விழாவுக்காக மருதாணி இட்டிருந்த தன் கட்டைவிரலையே மிஷினின் கண்ணாடியில் வைத்தாள்.

டிங்...

பச்சை விளக்கு. ஏற்றுக்கொண்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவள் கொடுத்தது விரலை.

இரண்டாவது விரலுக்குக் கண்ணாடி சில்லென்று இருந்தது. மூன்றாவதுக்கு ஈரம். ஏசிக் காற்றில் தேங்கின தண்ணீரின் பாசி வாடை... நாலாவது விரலை வைத்தாள். எடுக்க வரவில்லை.

குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அடியில் இன்னொரு விரல். அவள் விரல் நுனிக்கு நேராகத் தன் நுனியை ஒட்டி அழுத்திக்கொண்டிருந்தது. இழுக்கவில்லை. சும்மா... அளவு பார்க்கிற மாதிரி.

டிங்... ஐந்து. டிங்... ஆறு. அவள் கை தானாகப் போய்ப் போய் வைத்தது. பத்தாவது டிங் கேட்ட பிறகுதான் அவளால் கத்தவே முடிந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் கொதிக்கிற தாரில் ஓடினாள், பாவம்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. வேலையும் நிலைத்தது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பேய்ப் பயத்தைவிட வேலை போகிற பயம் பெரிது, இல்லையா?

வியாழக்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கல்குவாரிக் குழியில் தண்ணீரை இறைத்தபோது ஒரு பிணம் கிடைத்ததாம். ரேகையை வைத்துத் தேடினால் இந்த மையத்துப் பதிவு வந்ததாம்.

"பிரகலாத் நாயக். சரிதானே?" என்று மூத்தவர் கேட்டார். "ஆனா ரேகை வச்சது போன ஞாயித்துக்கெழம மதியம் பன்னெண்டே காலுன்னு காட்டுது. டாக்டரு, ஆள் செத்து ஒரு வருசமாச்சுங்கிறாரு. எப்படிம்மா?"

பேயாண்டிதான் மெல்லக் கேட்டார்.

"வருசம் ஆன பொணத்துல ரேகை எப்படிய்யா இருக்கும்?"

போலீஸ்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். முழுக்க எலும்பு... உள்ளங்கை வரைக்கும் எலும்பு. விரல்கள் மட்டும் பத்தும் சதையோடு, புத்தம் புதிதாக இருந்தன. சின்னச் சின்ன விரல்கள்.

நாகஜோதி தன் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தன. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

படத்தில் இருந்த பத்து நகத்திலும் மருதாணி சிவந்திருந்தது.