டெரிக் கல்யாணத்து ஸ்டெப்னி

பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. வண்டியின் பின்பக்கம், அடியில், ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும் மாற்று டயர் யார் கண்ணிலும் படுவதில்லை.

கருணாகரன் சார், நீங்கள் கேட்பது கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி. உங்கள் அக்கா மகள் டோரதி வெள்ளை கவுனோடு, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மண்டபத்துக்கு வந்து இறங்கியதைப் பற்றி. சொல்கிறேன். ஸ்டெப்னியிலிருந்து தொடங்கினால்தான் புரியும். நீங்கள் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வண்டி வைத்துத் தண்ணீர் கேன் போடுகிறவர், பொறுமை இருக்கும்.

நான் காசிமேட்டிலிருந்து இறால் ஏற்றுகிறேன். மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் இடுக்கு வழியாக ஒழுகி, நேராக ஸ்டெப்னி மேல் விழும். சங்கிலி துருப்பிடிக்கும். அதனால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும். இறக்குவது எளிது. சீட்டுக்குப் பின்னால் ஒரு ராடு இருக்கும். அதைப் பின் பம்பருக்கு மேலே உள்ள ஓட்டையில் விட்டு இடப்பக்கம் சுற்றினால் டயர் மெல்லத் தரைக்கு வரும். வலப்பக்கம் சுற்றினால் மேலே போகும். டக் என்று சத்தம் வந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

என் மனைவி சாண்ட்ரா டக் வந்த பிறகும் நிறுத்த மாட்டாள். பி.காம். படித்தவள். தொழிலில் பாதி அவள்தான் பார்த்தாள். "போதும், சங்கிலி அறுந்துடும்" என்பேன். "ரோட்ல வுயுந்தா நீயா போய் பொறுக்கினு வருவ? வாய மூடிகினு டார்ச்சப் புடி" என்பாள்.

போன வருடம் மழைக்கு முன்னால் இறக்கிக் காற்று பார்த்துத் திரும்ப ஏற்றினோம். சுற்றியது அவள். மழையில் டெங்கு வந்து இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அந்த ஸ்டெப்னியை இறக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. வேலை அதிகம்.

பராமரிப்பில் குறை வைக்கவில்லை. வாராவாரம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கழுவுகிறேன். சங்கிலிக்கு கிரீஸ் வைக்கிறேன். நீளமான டியூப் வைத்துக் காற்றும் அடிக்கிறேன். இறக்காமலே எல்லாம் செய்யலாம். முதுகு கொஞ்சம் வலிக்கும்.

பிரச்சினை, வண்டி ஓடினால் பஞ்சர் ஆகும் என்பது.

டெரிக் சாண்ட்ராவின் தம்பி. அவனுடைய வண்டியும் என்னுடைய மாடல்தான். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு, மாதவரத்துக்குப் போக வேண்டிய லோடோடு எங்கள் தெரு முனையில் என் பின் டயர் வெடித்தது. இறால் காத்திருக்காது. டெரிக்கின் வண்டி பக்கத்தில் மாதா கோயில் மதிலோரம் நின்றது. வீட்டார் எல்லோரும் உள்ளே பூசையில் இருந்தார்கள். அன்று டெரிக்குக்கும் டோரதிக்கும் மூன்றாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசித்தது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. நான் அப்போது மாப்பிள்ளையின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். தெரிவிக்கும் நிலையில் இல்லை.

அவன் ஸ்டெப்னியை என் வண்டிக்கு எடுத்துக்கொண்டால் சங்கிலி காலியாகத் தொங்கிச் சத்தம் போடும். டெரிக் கவனித்துவிடுவான். அதனால் வேறொன்றை மாட்டினேன். விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பக்கவாட்டில் பழைய டயர் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று. கயிறு கோக்க ஓட்டை போட்டது, அறுத்த கயிறும் அதிலேயே இருந்தது. ஓரத்தில் சிப்பி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சின்ன நண்டு. வெளியே எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

படகு டயர் உன் வண்டியில் எப்படித் தயாராக இருந்தது என்று கேட்கிறீர்கள். தற்செயல். அது பொருந்துகிற ரிம்மைக் காயலான் கடையில் முந்தைய வாரமே வாங்கி மாட்டி வைத்திருந்தேன். அதுவும் தற்செயல்.

புதன்கிழமை கல்யாணம். ஜோடியைத் தன் வண்டியிலேயே மண்டபத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது டெரிக்கின் ஆசை. பின்னால் இரண்டு சிம்மாசனம், பூ வளைவு. தோழன் ஜெரி ஓட்டினான். நான் என் வண்டியில் கேக்கை ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். மூன்று அடுக்குக் கேக். பக்கத்தில் என் மாமனார் அம்புரோஸ் உட்கார்ந்திருந்தார்.

திருவொற்றியூர் ஹைரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், டெரிக்கின் வண்டி பஞ்சரானது.

எல்லோரும் இறங்கினோம், டோரதியைத் தவிர. ஜெரி ராடை விட்டுச் சுற்றினான். ஸ்டெப்னி தரைக்கு வந்தது.

"மச்சான், இது போட் டயருடா. கயிறுலாம் கீது."

"இன்னாடா சொல்ற?" என்று டெரிக் கோட்டோடு குனிந்தான்.

"உள்ள நண்டு கீது மச்சான். உசுரோட கீது."

மூன்று நாளும் டெரிக் மீன் ஏற்றியிருக்கிறான். ஐஸ் தண்ணீர் ஒழுகியதில் நண்டுக்குக் குறையில்லை.

"ஸ்டெப்னில எப்டிடா நண்டு பூரும்?"

சிம்மாசனத்திலிருந்து டோரதி சொன்னாள்: "நண்டு அப்பால பேசிக்கலாம். வண்டி போவுமா போவாதா, அத்தச் சொல்லு."

அம்புரோஸ் மாமா என் பக்கம் திரும்பினார். "உன்னுதும் இதே மாடல்தானே மாப்ள. உன் ஸ்டெப்னிய இறக்கு."

"ராடு இல்ல மாமா."

"ஜெரி கையில இன்னா கீது, மெழுகுவத்தியா?"

ஜெரி ராடோடு என் வண்டியின் பின்னால் வந்தான். ஓட்டையில் நுனியை வைத்தான். சார், அந்த நேரத்தில் நான் யோசித்தது கேக்கைப் பற்றித்தான். வெயில். கிரீம் உருகிவிடும். நான் ஏறி ஸ்டார்ட் செய்து போய்விட்டேன். கண்ணாடியில் டெரிக் கொஞ்ச தூரம் ஓடிவருவது தெரிந்தது. "மாமா, கேக்கு, மாமா" என்று கேட்டது. மாமனாரையும் விட்டுவிட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மண்டபத்தில் வண்டியைப் பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். ராடு நுழைய இடமில்லாதபடி. நிழலுக்காக.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜோடி வந்து கேக் வெட்டாமல் பந்தி கிடையாது. கேக் இருந்தது, கத்தி இருந்தது, பிரியாணி தம் உடைக்காமல் இருந்தது. ஜோடி இல்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தது. ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். அபசகுனம் என்று மயக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

பிறகு அவர்கள் மீன்பாடி வண்டியில் வந்தார்கள். கவுனில் நெத்திலி வாசனை அடித்தது உண்மை. மீன் இறக்கியதும் வண்டிக்காரர் கழுவியிருக்கலாம், கல்யாண ஜோடி ஏறும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

டெரிக் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. இந்த ஒரு வருடத்தில் அவன் முதல் ஆளும் இல்லை. வண்ணாரப்பேட்டை பாஸ்கரின் வண்டியில் தொங்குவதும் படகு டயர்தான். மாதவரத்தில் ஐஸ் ஏற்றும் திலீப்பின் வண்டியிலும் அதுதான். அவர்கள் மாதம் ஒருமுறை இறக்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யாரும் பார்ப்பதில்லை. காசிமேட்டில் சில படகுகள் இப்போது நேரடியாக மோதிக்கொள்கின்றன என்று கேள்வி.

டெரிக்குக்கு நியாயம் செய்துவிட்டேன். நேற்று அவன் வண்டியில் நல்ல ஸ்டெப்னி ஒன்றை மாட்டினேன். அருமையான டயர். சங்கிலியிலிருந்து வெண்ணெய் மாதிரி இறங்கியது. தண்ணீர் கேன் ஏற்றும் வண்டி என்பதால் உப்பே பட்டதில்லை.

ஆமாம் சார், உங்களுடையதுதான். நேற்று நீங்கள் விசாரிக்க வந்தபோது நடுவில் டீ வாங்கிவரப் போனேனே. டீக்கடை எதிர்வாடையில்தான் இருக்கிறது. அவ்வளவு நேரம் ஆகாது. கடையில் கூட்டம் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள், நான் பொய் சொல்லவில்லை.

எம்.கே.பி. நகர் போகிற வழியில் ஆணி தட்டினால் எனக்கு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் வருவேன். கயிறு கட்டி வீடுவரை இழுத்துக்கொண்டு போய் விடுகிறேன். என் ஸ்டெப்னியை மட்டும் கேட்காதீர்கள். சாண்ட்ரா ரொம்ப இறுக்கமாக முறுக்கிவிட்டுப் போயிருக்கிறாள், என்னால் இறக்க முடியாது.