தேயிலைக் கொட்டை நுரையும் ஒரு பேர்வெட்டும்

மலையேறி வந்த களைப்பை மறைத்துச் சிரித்தபடி தலைமையேற்றிருக்கும் பதுளைக் கடைவீதி வணிகர் ஜுனைதீன் ஐயா அவர்களே! மூத்தோரே! கொழுந்துக்கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, உங்கள் தோட்டப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் சுலோஜனாவின் வணக்கம்.

இன்று திறக்கும் இந்தக் கொட்டகையில் என்ன செய்யப்போகிறோம்? விதைக்கென விட்ட பழைய தேயிலை மரங்களின் அடியில் கேட்பாரற்று உதிரும் கொட்டையை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, அழுக்கு நீக்கும் நுரைநீர் செய்யப்போகிறோம். கைதட்டாதீர்கள், தாய்மார்களே! இந்த நுரையைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வருகிறது.

இதைத் தொடங்கியவர் யார்? அதோ, தூணோடு தூணாக நிற்கிறாரே அழகர் அண்ணன், அவருடைய மனைவி! துணி துவைக்கும் கடைச் சவர்க்காரத்தூளால் கை வெடித்து, கொழுந்து கிள்ளத் தவித்தவர். கொட்டையை இடித்தார், நுரைத்தது. துவைத்தார், வெளுத்தது. வெடித்த கையும் ஆறியது. வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் குளித்துத் துவைக்கும் மலையூற்றுப் பீலியில் எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள், மிஞ்சிய சக்கையைப் பீலித் தண்ணீரிலேயே கழுவிவிட்டார். கீழே ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. “தண்ணியில வெசம் வச்சுட்டா!” என்றது லயம். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் மீன்கொல்லி! அவர் குடம் வைத்த இடத்தில் யாரும் குடம் வைக்கவில்லை.

“வேணும்னேவா செஞ்சேன் டீச்சர்? எனக்கு ஏன் இந்தப் பேரு?” என்று என்னிடம் வந்து அழுதார்.

நூல்களைப் புரட்டி விடை தேடினேன். அழுக்கை நீக்கும் அதே பொருள்தான் மீனின் செவுளைத் தாக்குகிறது. சக்கையை ஓடையில் விடாமல் குழியில் மட்கவிட்டால் தீங்கில்லை. அதைச் சொல்ல லயத்துக்கு ஓடினேன். காய்ச்சல் முந்திக்கொண்டது. மீன்கொல்லியாகவே அவரைப் புதைத்திருந்தீர்கள்.

யாரங்கே, “பாவம்” என்பது? அந்த ஒரு சொல்லை அன்று பீலியில் சொல்லியிருக்கக் கூடாதா?

வேலைக்கு வராதவரின் பெயரைத் தோட்டப் பதிவேட்டில் வெட்டுவார்கள். பேர்வெட்டு! தோட்டத்துத் துரை வெட்டிய பெயரைக் கெஞ்சியாவது திரும்ப எழுதிக்கொள்ளலாம். நாம் வெட்டிய பெயரை, அம்மா, யார் எழுதுவது?

இந்த நுரைநீர்ப் போத்தலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அழகரண்ணை, மேடைக்கு வாங்கோ. அவவின்ர பேரை நீங்களே சொல்லுங்கோ.

“விஜயலெட்சுமிங்க... எம் பொண்டாட்டி பேரு விஜயலெட்சுமி.”

கேட்டதா, தாய்மார்களே? நீங்களும் சொல்லுங்கள்! இன்னும் உரக்க! பீலிவரை கேட்கட்டும்!

அந்தப் பெயருக்கு என் வணக்கம். இன்றாவது அதைச் சொன்ன உங்கள் வாய்களுக்கு என் நன்றி.