குரல் நின்றால் அசையாதே

செட்டில் எந்தப் பழுதும் இல்லை, ஐயா. ரைட்டர் அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளட்டும். பதினொரு நாளாக ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் ஒயர்லெஸ் எங்கேயாவது எடுக்குமா என்கிறான் ஒருவன். ஓட்டை உடைசல் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறான் இன்னொருவன். நேற்று எங்கள் முதலாளி அசோக்குமார், செட்டை விற்றுத் தலைமுழுகிவிட்டு இனிமேல் பழையபடி கயிற்றை வைத்தே வேலை பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் காலையில் பரவையில் பஸ் ஏறி நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் சோணை. வயது ஐம்பத்து நான்கு. இருபது வருஷம் கிணற்றுக்குள் மூழ்கி மோட்டார் எடுத்தவன். உசிலம்பட்டிப் பக்கம் எண்பதடிக் கிணற்றில் இடது காதின் சவ்வு கிழிந்துபோனது. அதிலிருந்து மேலே நிற்கிற ஆளாகிவிட்டேன். அசோக்குமாரின் குழுவில் தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் இரண்டு பேர்: செல்வக்குமார், பாண்டிராஜ். கிணற்றில் விழுந்த மோட்டார், குவாரிப் பள்ளத்தில் மூழ்கிய வண்டி, சில சமயம் ஆட்கள், இவற்றை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த செட் வந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள், நான் பத்தே நாளில் பழகிக்கொண்டேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உங்கள் வாக்கிடாக்கி அலை தண்ணீருக்குள் போகாது, சத்தம்தான் போகும். முங்குகிறவன் முகம் முழுக்க மூடுகிற கவசம் போட்டிருப்பான், அதற்குள்ளேயே மைக் இருக்கும். அவன் பேசுவதை, காதுக்குக் கேட்காத சத்தமாக மாற்றித் தண்ணீரில் அனுப்புகிற பெட்டி அவன் முதுகில் இருக்கும். கரையில் எங்களிடம் இன்னொரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் தண்ணீருக்குள் இறங்கும். ஒயரின் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒன்று தொங்கும். நாங்கள் அதைக் குண்டு என்போம். அந்தக் குண்டுதான் பேசுகிறது, அதுதான் கேட்கிறது.

குண்டை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. வெயில் பட்ட மேல்தண்ணீர் சூடாக இருக்கும், கீழே ஐஸாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சத்தம் வளைந்து எங்கோ போய்விடும். அதனால் குண்டு சூட்டைத் தாண்டி இருபது அடிக்காவது இறங்க வேண்டும். குண்டுக்கும் ஆளுக்கும் நடுவில் பாறை வரக்கூடாது. இறங்குவதற்கு முன்னால் புது பேட்டரி, ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ், இரண்டு பக்கமும் ஒரே சேனல். ஆள் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், பத்தும் கேட்டால்தான் முங்கலாம். பேசும்போது மூச்சை அடக்கக்கூடாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே இருப்பவன் கூப்பிட வேண்டும். இந்த ஐந்து வருஷத்தில் இதில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை.

செட்டோடு வந்த புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. குரல் நின்றுபோனால் வேலையைப் போட்டுவிட்டு மெதுவாக மேலே வந்துவிட வேண்டும். அதை மட்டும் நான் மாற்றினேன். புத்தகம் எழுதினவன் கடலைப் பார்த்து எழுதியிருக்கிறான், அவன் நம்மூர்க் குவாரிப் பள்ளத்தைப் பார்த்ததில்லை. உள்ளே தண்ணீர் மை மாதிரி இருக்கும். கைவிளக்கு வெளிச்சம் முழங்கைக்கு அப்பால் போகாது. மணிக்கூண்டு மாதிரி பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும், கம்பியும் இரும்பும் கிடக்கும். இருட்டில் தடவிக்கொண்டு கிளம்பினவன் எங்காவது மாட்டுவான். அதனால் செல்வக்குமாரிடம் சொல்லி வைத்திருந்தேன்: “குரல் நின்னா அசையாதே மாப்ள. எதைப் பிடிச்சிருக்கியோ அதையே பிடிச்சுக்கிட்டு இரு. நான் வாரேன்.”

அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள் அவன் இடுப்பிலேயே தொங்கினாலும், அந்த இருட்டில் எங்கே பார்ப்பது. நான் மேலிருந்து மணி பார்த்துச் சொல்வேன். “அண்ணே, நீங்க இருக்கையில எனக்கென்ன,” என்பான். நல்ல பையன், ஐயா. அவனைப் பற்றிக் குறையாக என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. ரைட்டர் இதைப் பெரிதாக எழுதட்டும்.

சரண்யாதேவி ஆறு மாசத்துக்கு முன்னால் வந்தாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. சென்னைக்குப் போய் இந்த செட்டுக்கே தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். அசோக்குமார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ எல்லாம் வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு காது கேக்காத ஆளு செட்டுல உக்காரக்கூடாதுன்னு சொல்றாங்க. இனிமே அந்தப் புள்ள உக்காரட்டும், நீங்க ஒயரைப் பிடிங்க.”

சரி என்றேன். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதன் பஞ்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது. அது சுத்தத்துக்காகச் செய்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வேலை தெரியும், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் உள்ளே இருக்கிறவனுக்குத் தைரியம் கொடுக்கிற குரல் என்று ஒன்று இருக்கிறது. அது பயிற்சியில் வராது. அதை அசோக்குமாருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான். செட் ஒருமுறை நின்றுபோகும், அந்தப் பெண் தடுமாறும், “சோணைண்ணே, நீங்க வாங்க” என்று கூப்பிடும். நான் போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினால் குரல் வந்துவிடும். யாருக்கும் ஒரு கீறலும் இருக்காது.

இதற்கு முன்னாலும் அப்படி நடந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் என்று பாண்டிராஜைச் செட்டில் உட்காரவைத்தார்கள். கிணற்றுக்குள் செல்வக்குமார் இருக்கும்போது குரல் நின்றது. நான் காய்ச்சலோடு எழுந்து போய்ப் பேசினேன், சரியானது. ஊரே கைதட்டியது. அன்றைக்கும் ஒயர் என் பக்கத்தில்தான் கிடந்தது. நீங்கள் கேட்கப்போவதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த நாள். திருவாதவூருக்குக் கிழக்கே கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளம். எப்போதோ பெய்த மழையில் மூழ்கிப்போன பொக்லைன் வண்டி எழுபதடியில் கிடந்தது. அதற்கு வடக்கயிறு மாட்டிக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். காலை பத்தரை மணி. சரண்யாதேவி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தாள். செல்வக்குமார் பத்து வரை எண்ணினான், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான், இறங்கினான். காற்று இருபத்தைந்து நிமிஷத்துக்கு. இருபதாவது நிமிஷம் மேலே கிளம்ப வேண்டும்.

அவன் பொக்லைனைக் கண்டுபிடித்துவிட்டான். “கையைப் பிடிச்சிட்டேன்,” என்று பெட்டியின் ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. பொக்லைனின் கையைச் சொன்னான். அது பன்னிரண்டாவது நிமிஷம். கரையில் பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த நான் ஒயரை முழம் முழமாக மேலே இழுத்தேன். குண்டு ஆறடிக்கு வந்தது. அங்கே ஒரு பாறைத் திட்டு உண்டு, அதற்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். பாதி வார்த்தையில் அவன் குரல் நின்றது.

சரண்யாதேவி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. கயிற்றைச் சுண்டினாள். பதில் சுண்டல் வரவில்லை. கயிறு கீழே இரும்பில் சுற்றிக்கொண்டு கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அது என் வேலை இல்லை, ஐயா. கயிற்றை நான் தொடவேயில்லை.

என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “அண்ணே, குண்டு எம்புட்டு ஆழத்துல இருக்கு?”

“இருவதுல,” என்றேன்.

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள், ஐந்து வருஷ அனுபவஸ்தன் சொல்கிறேன். “அப்ப அவரு மேல வந்துக்கிட்டிருப்பாரு. குரல் நின்னா வரணும்ல,” என்று தண்ணீரையே பார்த்தாள். குமிழி அதே இடத்தில் வந்துகொண்டிருந்தது. அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். பொக்லைனின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், புத்தகத்தை மாற்ற நீ யார் என்று அசோக்குமார் எல்லோர் முன்னாலும் கேட்பார். அதனால் சொல்லவில்லை.

பாண்டிராஜ் தயாரானான். கழுத்தளவு தண்ணீரில் நின்று பத்து வரை எண்ணினான். எதுவும் கேட்கவில்லை, குண்டு திட்டுக்குப் பின்னால் கிடக்கிறதே. குரல் இல்லாமல் இரண்டாவது ஆளை இறக்கக்கூடாது என்பதும் விதி. அந்தப் பெண் விதியை மீறுகிற ரகம் இல்லை. பேட்டரியை மாற்றினாள், சேனலை மாற்றினாள், முனையைத் துடைத்தாள். ஒவ்வொன்றையும் வரிசையாகச் செய்தாள். என்னைக் கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினாறாவது நிமிஷம் ஆனது. பதினெட்டு ஆனது. நானாக எழுந்து போய்க் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இருபதாவது நிமிஷம் அவள் விதியைத் தூக்கிப் போட்டாள். “பாண்டிராஜ்ண்ணே, குரல் வேணாம், கயித்தைப் பிடிச்சுக்கிட்டே போங்க, போங்க,” என்று கத்தினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “அண்ணே, நீங்க கூப்பிட்டுப் பாருங்க. உங்க குரலுக்கு வருவாரு.” அழுதுகொண்டே சொன்னாள். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஹெட்போனை வாங்குகிற சாக்கில் ஒயரை நழுவவிட்டேன். குண்டு இருபதுக்கு இறங்கியது. வலது காதில் வைத்து அழுத்தினேன். “மாப்ள, சோணை பேசுறேன்,” என்றேன்.

உடனே வந்தான். இரைக்க இரைக்கப் பேசினான். “வந்துட்டீங்களா அண்ணே. நான் அசையலண்ணே. சொன்ன மாதிரி பிடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். மணி எம்புட்டு ஆச்சு?”

பயத்தில் காற்றை வேகமாக இழுத்துத் தீர்த்திருக்கிறான், அந்த இரைப்பிலேயே தெரிந்தது. “கிளம்பு மாப்ள,” என்றேன். கிளம்பினான். இடுப்புக் கயிறு விடவில்லை. “மாட்டிருக்குண்ணே,” என்றான். “கத்தியை எடு, வலது தொடையில இருக்கு, பதறாதே,” என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன், என் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “எடுத்துட்டேன்,” என்றான். பிறகு “அண்ணே, காத்து இறுகுது,” என்றான். காற்று தீரப்போகும்போது இழுக்க இழுக்க அப்படித்தான் இறுகும். அதற்குப் பிறகு இரண்டு தடவை மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாண்டிராஜ் அவனைத் தொட்டது இருபத்து மூன்றாவது நிமிஷம். மேலே கொண்டு வந்தபோது கையில் கத்தி இருந்தது, கயிறு பாதி அறுந்திருந்தது.

இதெல்லாம் என் காதுக்கு மட்டும் கேட்டது. ஹெட்போன் போட்டால் ஸ்பீக்கர் நின்றுவிடும். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “பேசுறாரா அண்ணே?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். செட்டைத் தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று உங்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் சாப்பிடுவதில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம். செல்வக்குமாரின் பெண்டாட்டி இசைவாணி போய் அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போடப் பேசப் போயிருந்தபோது என்னிடமும் கேட்டது: “அண்ணே, கடைசியா எதுவும் பேசலையா அவரு?” பேசவில்லை என்றேன். பேசினான் என்று சொன்னால் அவளுக்குத்தானே வேதனை.

அந்தப் பெண்ணை நீங்கள் விட்டுவிடலாம். குண்டை இழுத்தது நான். இருபதில் இருக்கிறது என்று சொன்னது நான். எட்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அவன் அங்கேதான் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

செட்டை மட்டும் விற்க வேண்டாம் என்று அசோக்குமாரிடம் சொல்லுங்கள். என்னைக் கொலைகாரன் என்று எழுதுவதானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும் ஐயா: அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் பதிலாகச் செட்டில் நான் உட்கார்ந்திருந்தால், செல்வக்குமார் உயிரோடு மேலே வந்திருப்பான்.