சிமெண்ட் மூட்டைக்கு சீட் பெல்ட்

அதத் தொடாதீங்க தம்பி. பிளக் புதுசு, உங்களுக்கு முன்னாடி பாத்த மெக்கானிக் மாத்தினது. ஏர் ஃபில்டர் அதுக்கும் முன்னாடி பாத்தவர். பெட்ரோல் பம்ப்ப மாத்தினவர் இப்ப கடையையே மூடிட்டார், பாவம். அதுக்கு நான் காரணமில்ல.

ஸ்கேனர் மாட்டினீங்களே, என்ன காட்டுது? ஒண்ணுமில்லயா? தெரியும், சும்மா கேட்டேன்.

இல்ல இல்ல, ஸ்டார்ட்டிங்ல ஒரு குறையும் இல்ல. சிக்னல்ல நின்னு கிளம்பறப்ப, முன்னால போற பஸ்ஸ முந்தறப்ப, ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஒரு விக்கல். விட்டு விட்டுப் போகும். போன வாரம் நாலு ரோடு சேர்ற இடத்துல நட்டநடுவுல விக்கிச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே விசாரிச்சுட்டான்.

அதோ, டயர் அடுக்கு மேல உக்காந்து டீ குடிக்கறாரே, எங்க வீட்டுக்காரர், அவர் அன்னிக்கே தீர்ப்பு சொல்லிட்டார். இது ராசியில்லாத வண்டி, ஞாயித்துக்கிழமை எங்கக்கா பையன் வந்து ஓட்டிட்டுப் போகட்டும்னு. ஓசின்னா அந்த நாத்தனார் மகன் ஸ்டெப்னிய மட்டும் குடுத்தாலும் உருட்டிட்டுப் போவான். நான் மறுபடி பஸ் ஸ்டாப்புல கூடையோட நிக்கணும். தலை நரைச்சப்புறம் லைசென்ஸ் எடுத்தவ தம்பி நான், விட்டுக் குடுப்பேனா?

ஏசியா? போட்டாலும் விக்கும், போடாட்டியும் விக்கும். மேடா? மேட்டுல ஜம்முனு ஏறும், நான் தனியா போனா. ஆமா, தனியா போனா விக்கலே இல்ல, இவர் பக்கத்துல உக்காந்தாத்தான். இப்பதான் மெக்கானிக் மாதிரி கேக்கறீங்க.

லோடா? அதையும் பாத்தாச்சு. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்திப் பாக்கணும்னு கான்வென்ட்ல கெமிஸ்ட்ரி சிஸ்டர் ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. எதிர் வீட்ல மாடி கட்டறாங்க. ஒரு மூட்டை சிமெண்ட்டும் இன்னொரு அரை மூட்டையும் கேட்டு வாங்கினேன். இவர் எடைக்குச் சரியா இருந்தது. முன் சீட்டுல உக்கார வச்சு, பெல்ட் மாட்டி, ஊரச் சுத்தி வந்தேன். சிரிக்காதீங்க. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு, உங்க வீட்டுக்காரர் ஏன் இப்படி வெளிறிப் போய் உக்காந்திருக்கார்னு கேட்டா. வண்டி என்னா போக்கு! பஸ்ஸ முந்தினேன். அந்த லாரிக்காரன் மட்டும் கெடைச்சிருந்தா, அவனையும்.

அப்ப கோளாறு எடையில இல்லயேன்னுதானே பாக்கறீங்க? எடையில இல்லதான். மூட்டை பேசாதில்ல.

இவர் பேசுவார். பாத்து, பாத்து, மெதுவா, ஏய் நாய் நாய். அவ்வளவுதான், என் கால் தானா பெடல விட்டு மேல வந்துடும். திரும்ப மிதிப்பேன், திரும்ப பாத்து பாத்து. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தக் குரலுக்குப் பழகின கால் தம்பி, நான் வேணும்னு தூக்கல. நேத்து மிக்ஸி போடறப்ப பின்னால வந்து பாத்துன்னார். நின்ன இடத்துலயே கால் தூக்கிடுச்சு.

அவர்கிட்டயே சொல்றதுக்கென்னவா? சொன்னா வாய மூடிக்குவார், நல்ல மனுஷன். மூடிக்கிட்டு, அவர் பக்கம் இல்லாத பிரேக்க மிதிச்சுக்கிட்டே வருவார். அந்தச் சத்தத்துக்கும் என் கால் தூக்கும்.

அதனால நீங்க சொல்லுங்க. முன் சீட்டுக்கு அடியில ஒரு சென்சார் போயிருக்கு, ஆள் உக்காந்தா இஞ்சின் விக்கும், பார்ட் வர்றவரைக்கும் பின்னாடி உக்காருங்க சார்னு. சென்சார்னா மேல கேக்க மாட்டார், தெரிஞ்ச மாதிரி தலையாட்டுவார். விக்கலும் போயிடும், வண்டியும் வீட்டோட இருக்கும்.

பின்னாடி உக்காந்தும் கத்தினாவா? எதைப் பாத்துக் கத்துவார்? எனக்கு நேர் பின்னாடி உக்கார வச்சா அவருக்கு ரோடே தெரியாது தம்பி. என் கொண்டைதான் தெரியும்.